கேப் பிரெட்டன் அக்கா பதில்கள்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது கேப் பிரெட்டன் தீவு. அங்கே படிக்கப் போகும், போயிருக்கும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு நம் வாசகி ஒருவர் பதில் சொல்கிறார். அந்தத் தீவுக்கு மாணவியாகப் போய், படிப்பை முடித்து, இப்போது சிட்னி நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவர்.

என் மகனுக்கு கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இணையத்தில் படங்கள் பார்த்தோம். மலை, கடல், சிவந்த மரங்கள் என்று சினிமாவில் பாட்டு எடுக்கிற இடம் மாதிரி இருக்கிறது. அவன் படிப்பானா, ஊர் சுற்றுவானா என்று அவன் அப்பாவுக்கு ஒரே கவலை.
– ஒரு தாய், கரூர்

அவன் அப்பாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள் அம்மா. நினைத்தாலும் ஊர் சுற்ற முடியாது.

நீங்கள் பார்த்த படங்களில் முக்கால்வாசி கேபட் டிரெயில் என்ற சாலையில் எடுத்தவை. தீவின் வடபாதியில் மலையும் கடலுமாக வளைந்து வரும் 298 கிலோமீட்டர் சாலை அது. அதைச் சுற்றி வர டவுன் பஸ் கிடையாது. சொந்தக் கார் வேண்டும், இல்லாவிட்டால் கார் வைத்திருக்கிற நண்பன் வேண்டும். முதல் வருஷ மாணவனுக்கு இரண்டுமே அவ்வளவு சீக்கிரம் அமையாது.

உங்கள் மகன் தினமும் பார்க்கப்போவது கிராண்ட் லேக் சாலையை. பல்கலைக்கழகம் ஊருக்குள் இல்லை. சிட்னிக்கும் கிளேஸ் பே என்ற பழைய சுரங்க ஊருக்கும் நடுவில் அந்தச் சாலையில் இருக்கிறது. வழியெல்லாம் கார் விற்கும் கடைகள், ஒரு பெரிய வணிக வளாகம், வண்டி நிறுத்தப் பரந்து கிடக்கிற தார்த் தரை. இதை யாரும் படம் பிடித்துப் போட மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் வாழ்கிற தீவு இதுதான்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டால்: காலையில் பேருந்துக்கு நிற்பது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். மதியம் வரை வகுப்பு. பிறகு காபிக் கடையிலோ பல்பொருள் அங்காடியிலோ மாலை ஷிப்ட். டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆக, வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ராத்திரி பதினோரு மணிக்கு சோறு வடித்து, ரசமோ முட்டையோ ஒன்று பண்ணி, நாளைக்குக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

அழகே இல்லை என்று சொல்லவில்லை. பேருந்து ஜன்னலிலிருந்து உறைந்துபோன துறைமுகம் தெரியும். விளக்குக் கம்பத்தின் உச்சியில் வெள்ளைத் தலைக் கழுகு உட்கார்ந்திருக்கும். இங்கே அது அவ்வளவு அபூர்வமில்லை. ஜூன் மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். தானாக எதிரே வருகிற அழகு இவ்வளவு. தேடிப் போய்ப் பார்க்கிற அழகுக்குப் படிப்பு ஓய்ந்த பிறகுதான் நேரம் கிடைக்கும்.

சிட்னி என்றால் ஆஸ்திரேலியாதானே? என் மாமா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.
– ஒரு மாணவி, விருதுநகர்

மாமாவுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது. 2002-ல் ஒரு பிரிட்டிஷ் ஜோடி ஆஸ்திரேலியாவுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கியது. 2017-ல் டச்சு மாணவர் ஒருவருக்கும் அதே கதி. டிக்கெட் எடுக்கும்போது விமான நிலையக் குறியீடு ஒய்கியூஒய் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடு. உள்ளூர் விமானத்துக்குக் காசு அதிகம் என்று தோன்றினால் ஹாலிஃபாக்ஸில் இறங்கிப் பேருந்தில் வரலாம், ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வழியில் கான்சோ நீரிணையைக் கடல் நடுவே கல் கொட்டிப் போட்ட சாலையில் கடப்பாய். 1955-ல் அதைத் திறக்கும் வரை இந்தத் தீவுக்குப் படகில்தான் வர வேண்டும்.

இங்கிருந்தே அறை பிடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

அனுப்பாதீர்கள் சார். இந்த ஒரு பதிலை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும்.

நோவா ஸ்கோஷியா சட்டப்படி வீட்டுக்காரர் வாங்கக்கூடிய முன்பணம் அதிகபட்சம் அரை மாத வாடகை. ஒரு மாதம் கிடையாது, இரண்டு மாதம் கிடையவே கிடையாது. காலி செய்யும்போது வீட்டுக்காரருக்குச் சேதக் கணக்கு ஏதும் இல்லாவிட்டால் பத்து நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். மாகாண அரசே அச்சடித்த வாடகை ஒப்பந்தப் படிவம் உண்டு, அதில் கையெழுத்துப் போட்டு உங்கள் பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும். "அதெல்லாம் நமக்குள்ளே எதுக்கு" என்று சொல்கிறவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் வேண்டாம். நம் ஊர்க்காரர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே யோசியுங்கள். ஒரு வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, படுக்கைக் கணக்கில் பிரித்து விடுகிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

வந்த உடனே பல்கலைக்கழக விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ கொஞ்ச நாள் தங்க ஏற்பாடு செய்துகொண்டு, அறையைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதுதான் நல்லது. 2022, 23 வாக்கில் மாணவர் கூட்டம் திடீரென்று பெருகியபோது அப்படித் தேடவே வழியில்லாமல் இருந்தது. நகரத்துத் திரையரங்கில் பல்கலைக்கழக வகுப்பு நடந்த காலம் அது. 2024-ல் கனடாவின் மத்திய அரசு மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்த பிறகு நெருக்கடி குறைந்திருக்கிறது. பார்த்துப் பேசிப் பிடிக்க இப்போது நேரம் கிடைக்கிறது.

பார்க்கப் போகும்போது சுவரின் நிறத்தைப் பார்க்காதீர்கள். வெப்பமும் மின்சாரமும் வாடகைக்குள் அடக்கமா என்று முதலில் கேளுங்கள். இங்கே பாதி வீடுகள் அந்தக் காலத்து மரவீடுகள். நிலக்கரிக் கம்பெனி தன் தொழிலாளிகளுக்குக் கட்டிய, ஒரே சுவரைப் பங்கு போட்ட இரட்டை வீடுகளும் அவற்றில் உண்டு. காற்று எந்த இடுக்கில் நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மின்சார ஹீட்டர், அதுவும் உங்கள் கணக்கில் என்றால், வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டதெல்லாம் ஜனவரி பில்லில் போய்விடும்.

அடுத்தது, கீழ்த்தள அறை. அதில் ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா, புகை அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். 2022 டிசம்பரில் சிட்னியில் மாணவர்கள் தங்கியிருந்த வீடு ஒன்று தீப்பிடித்து, நம் நாட்டுப் பிள்ளை ஒருவர் இறந்துபோனார். அந்த வாரம் எங்கள் முதியோர் இல்லத்தில் வேறு பேச்சே இல்லை. அறையில் வெப்பம் இருக்கிறதா என்று என்னிடம் விசாரிக்காத பாட்டி இல்லை.

கடைசியாக, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்? செப்டம்பரில் பத்து நிமிஷ நடையாகத் தெரிவது பிப்ரவரியில் முழங்கால் பனியில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

கல்விக்கடன் வாங்கி அனுப்புகிறேன். வாரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கலாம்? அந்தக் காசிலேயே ஃபீஸ் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார்.
– ஒரு தந்தை, நாமக்கல்

ஐயா, கணக்கை நீங்களே போடுங்கள். வகுப்பு நடக்கிற காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2024 நவம்பர் முதல் இதுதான் விதி. நோவா ஸ்கோஷியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபரில் மணிக்கு 16.50 கனடா டாலர் ஆனது. ஆக, வாரம் 396 டாலர், அதுவும் பிடித்தத்துக்கு முன்னால், அதுவும் 24 மணி நேரமும் ஷிப்ட் கிடைத்தால். இவ்வளவு மாணவர்கள் இருக்கிற சின்ன ஊரில் முதலாளி அவ்வளவு ஷிப்ட் தரமாட்டார். அந்தக் காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போன் பில்லுக்கும் சரியாகப் போகும். ஃபீஸ் கட்ட முடியாது. ஏஜென்ட் சொல்லும் கணக்கில் பிள்ளை சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை.

விசா விண்ணப்பத்துக்கு ஒரு வருஷச் செலவுக்கான பணம் காட்டச் சொல்கிறார்களே, அது 2025 செப்டம்பரிலிருந்து தனி ஆளுக்கு 22,895 டாலர். 2023 வரை அது 10,000 டாலராகவே இருந்தது. ஏன் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினார்கள்? பழைய தொகையில் யாராலும் வாழ முடியவில்லை என்பதால்தான். ஜிஐசி என்ற வங்கி வைப்பாக அந்தப் பணத்தைப் போட்டால் வங்கி அதை மாதத் தவணையாகப் பிரித்துத் தரும். அதை ஃபீஸுக்குத் திருப்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

24 மணி நேரத்துக்கு மேல் பார்க்கிற வேலைக்குக் கையில் காசு தருகிறேன் என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. பிடிபட்டால் முதலாளி என்ன ஆவாரோ, மாணவனின் விசா நிச்சயம் ஆபத்தில் விழும். தவிர, கையில் காசு வாங்குகிறவனுக்குச் சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் புகார் சொல்லப் பயம். இதை நம்பித்தான் அவர்கள் கூப்பிடுகிறார்கள்.

ஏஜென்ட்டிடம் இன்னொன்றும் கேளுங்கள். படித்து முடித்த பிறகு தரும் வேலை அனுமதி எந்தப் படிப்புக்குக் கிடைக்கும்? 2024 நவம்பர் 1-க்குப் பிறகு விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் இளநிலை, முதுநிலைப் பட்டம் படித்தால் துறைக் கட்டுப்பாடு இல்லை. பட்டமேற்படிப்பு டிப்ளமா போன்றவற்றுக்கு அரசு வெளியிட்ட துறைப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்க வேண்டும். இந்தத் தீவுக்கு வருகிற நம் பிள்ளைகளில் நிறையப் பேர் டிப்ளமாவுக்கு வருகிறவர்கள். பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. குடிவரவுத் துறை இணையதளத்தில் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு கடையில் பில் போடுகிறேன் அக்கா. வருகிறவர்கள் எல்லாம், குறிப்பாக வயதானவர்கள், "எங்கேயிருந்து வந்தே" என்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பதில் சொல்வது? இது இனவெறி இல்லையா?
– ஒரு மாணவன், சிட்னி

சில சமயம் இனவெறிதான் தம்பி. அதை நான் மறைக்கப்போவதில்லை. "நீங்க வந்துதான் வாடகை ஏறிச்சு" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. யார் எதற்குக் கேட்கிறார் என்பது அவர் குரலிலேயே தெரியும். அந்த ரகத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பாக்கிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பு.

ஆனால் பெரும்பாலும் அது வேறு பழக்கம். கேப் பிரெட்டன்காரர் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் ஒருவரை ஒருவர் கேட்கிற முதல் கேள்வியே "உன் அப்பா யாரு?" என்பதுதான். எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தச் சுரங்கம் என்று பிடித்துவிட்டால்தான் அவர்களுக்குப் பேச்சு ஓடும். நம் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து "நீ யார் வீட்டுப் புள்ளப்பா" என்று கேட்கிற தாத்தாவைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பனியில் உட்கார வைத்த மாதிரி. உன்னிடம் உன் அப்பா பெயரைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததால் ஊரைக் கேட்கிறார்கள்.

நீ "இந்தியா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், இல்லையா? அதோடு பேச்சு செத்துப்போகும். "இந்தியாவுக்குத் தெற்கே, எங்க அப்பா தறி ஓட்டுறார்" என்று சொல்லிப் பார். இல்லை, உன் அப்பா என்ன வேலை செய்கிறாரோ அதைச் சொல். பிறகு நீயும் திருப்பிக் கேள்: "உங்க அப்பா சுரங்கத்திலயா, இரும்பு ஆலையிலயா?" இந்த ஊரில் வயதானவர்களைப் பொறுத்தவரை விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். கடைசியாக மிச்சமிருந்த பழைய அரசுச் சுரங்கமும் இரும்பு ஆலையும் ஒரே வருஷம், 2001-ல் மூடின. அதற்குப் பிறகு இளையவர்கள் வேலை தேடி மேற்கே ஆல்பர்ட்டா வரைக்கும் போய்விட்டார்கள். எங்கள் இல்லத்தில் இருக்கிற தாத்தா பாட்டிகளில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் வீடியோவில்தான். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வேதனையை நீ அவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

நேரம் கிடைத்தால் விட்னி பியர் பக்கம் நடந்துவிட்டு வா. நூறு வருஷத்துக்கு முன்னால் இரும்பு ஆலை வேலைக்காக பார்படோஸ், போலந்து, உக்ரைன், இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குடியேறிய பகுதி அது. அவர்கள் கட்டிய தேவாலயங்கள் சில இன்னும் நிற்கின்றன. அவர்களையும் இந்த ஊர் முதலில் முறைத்துத்தான் பார்த்தது. அவர்களுக்கும் முன்னால், எல்லாருக்கும் முன்னால், இது மிக்மாக் மக்களின் மண். உனமாகி என்பது அவர்கள் வைத்த பெயர். சிட்னிக்குள்ளேயே இருக்கிற மெம்பர்டூ அவர்களுடைய ஊர்.

இன்னொரு விஷயம், இது உன் நன்மைக்கு. இங்கே நல்ல அறையும் நல்ல வேலையும் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்னால் வாய்வழியாகப் போய்விடும். நாலு பேர் ஒரே அறையில் இருந்துகொண்டு, நம் பாஷையே பேசி, நம் ஆட்கள் குழுவிலேயே தேடினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். தேவாலய மண்டபத்துச் சாப்பாடு, நூலகம், அக்டோபர் மாதம் தீவு முழுக்க நடக்கிற கெல்டிக் கலர்ஸ் இசை விழாவில் தன்னார்வலர் வேலை என்று எங்கேயாவது முகத்தைக் காட்டு. பிடில் வாசிக்க ஆரம்பித்தால் தரையைக் காலால் தட்டிக்கொண்டு நிறுத்தவே மாட்டார்கள். முதல் மணி நேரத்தில் எனக்கு எல்லாப் பாட்டும் ஒன்றாகவே கேட்டது. ஆனால் நான் இப்போது பார்க்கிற வேலை அப்படி ஒரு மண்டபத்தில், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் சொல்லிக் கிடைத்ததுதான்.

தாளிக்கும்போதெல்லாம் புகை அலாரம் அடிக்கிறது. வீட்டுக்காரர் எச்சரித்துவிட்டார். என்ன செய்ய?
– ஒரு மாணவி, கிளேஸ் பே

அலாரத்தில் பிளாஸ்டிக் உறை மாட்டுவது, பேட்டரியைக் கழற்றுவது இரண்டையும் யாராவது உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். செய்யாதே. மேலே தீ விபத்தைப் பற்றி எழுதியதைப் படி.

கடுகு அலாரம் அடிக்க வைப்பதில்லை, காய்ந்த மிளகாய்தான் வில்லன். எண்ணெய் புகைகிற அளவுக்குக் காயவிடாமல், மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே பருப்பையோ ரசத்தையோ ஊற்றிவிடு. ஜனவரியானாலும் அந்த இரண்டு நிமிஷம் ஜன்னலைத் திற. அடுப்புக்கு மேலே இருக்கிற புகைவிசிறி வெளியே தள்ளுகிறதா, இல்லை புகையைச் சுற்றி உனக்கே திருப்பித் தருகிறதா என்று பார். பழைய வீடுகளில் இரண்டாவதுதான். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு வாரத்துக்கான தாளிப்பை மொத்தமாகச் செய்து பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கும் ஒரு கிண்ணம் கொடு. அடுத்த எச்சரிக்கை கொஞ்சம் தள்ளிப்போகும்.

குளிருக்கு இங்கேயே ஜாக்கெட் வாங்கி அனுப்பட்டுமா? தள்ளுபடியில் கிடைக்கிறது.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

வேண்டாம் அம்மா. அங்கே கிடைப்பது மலை வாசஸ்தலத்துக்கான ஜாக்கெட். இங்கே குளிரைவிடக் காற்றுதான் பொல்லாதது. மைனஸ் எட்டு என்று காட்டும், கடல் காற்று அடித்தால் மைனஸ் இருபதாக உறைக்கும். வந்த பிறகு பழைய துணிக் கடையில் உள்ளூர்க்காரர் போட்டுக் கழித்ததை வாங்கினால் பாதி விலைக்குள் முடியும், இந்தக் காற்றுக்கென்றே தைத்ததாகவும் இருக்கும். புதிதாக வாங்க வேண்டியது பூட்ஸ் மட்டும். தண்ணீர் புகாததாக, அடியில் வழுக்காததாக. சாலையில் கொட்டுகிற உப்பு சாதாரணத் தோல் ஷூவை ஒரே சீசனில் தின்றுவிடும். நீங்கள் அனுப்ப நினைத்தால் உள்ளே போடும் பனியன்களும் நிறையக் காலுறைகளும் அனுப்புங்கள். அந்தப் பெட்டியில் மிச்ச இடத்தில் பருப்புப் பொடி.

பனி எவ்வளவு விழும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சாதாரணமாகச் சமாளிக்கிற அளவுதான். 2024 பிப்ரவரி தொடக்கத்தில் மட்டும் சில நாட்களுக்குள் சில இடங்களில் ஒன்றரை மீட்டர் வரை கொட்டி, நகராட்சி நெருக்கடி நிலை அறிவித்தது. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்தவர்கள் உண்டு. முதல் ஷிப்டுக்கு ஆள் வர முடியாமல் நாங்கள் இல்லத்திலேயே தங்கி மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அதற்கு முன்னால் 2022 செப்டம்பர் 24-ல் ஃபியோனா புயல். மரங்கள் சாய்ந்து பல நாள் மின்சாரம் இல்லை. அதனால் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: மூன்று நாளைக்கான தண்ணீர், அவல் மாதிரி சமைக்காமல் சாப்பிடக்கூடியது ஏதாவது, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். இந்த நாலும் எப்போதும் அறையில் இருக்கட்டும்.

வசந்தம் மார்ச்சில் வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பான். இங்கே ஏப்ரலில்கூட செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவிலிருந்து பனிக்கட்டிகள் கரைப்பக்கம் மிதந்து வந்து நிற்கும், அதுவரைக்கும் குளிர் போகாது. ஜாக்கெட்டை உள்ளே வைக்க அவசரப்பட வேண்டாம்.

உடம்பு சரியில்லாமல் போனால்?
– வாசகி, மதுரை

முதல் வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் சேர்த்துவிடும் காப்பீடு. வந்து சேர்ந்த நாளிலிருந்து பதின்மூன்றாவது மாதத்தின் முதல் நாள் மாகாணத்தின் எம்எஸ்ஐ மருத்துவத் திட்டத்தில் சேரத் தகுதி வரும். ஆனால் இடையில் தொடர்ந்து 31 நாளுக்கு மேல் மாகாணத்தை விட்டு வெளியே இருந்திருக்கக் கூடாது. முதல் கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் ஊருக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கோட்டைவிடுகிறார்கள். பல்லும் கண்ணாடியும் எம்எஸ்ஐயில் கிடையாது. பல் வலி இருந்தால் மதுரையிலேயே பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

குடும்ப டாக்டர் கிடைப்பது உள்ளூர்க்காரர்களுக்கே குதிரைக்கொம்பு. அவசரமில்லாத எதற்கும் 811-ஐக் கூப்பிட்டால் நர்ஸ் பேசுவார், எங்கே போக வேண்டும் என்று சொல்வார். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 911.

மகள் போனே எடுப்பதில்லை. எப்போது கூப்பிட்டாலும் "கிளாஸ்ல இருக்கேன்" என்கிறாள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

நீங்கள் சமையல் முடித்து ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறீர்கள். குளிர்காலத்தில் அவளுக்கு அப்போது காலை பத்தரை. அவள் நிஜமாகவே கிளாஸில்தான் இருக்கிறாள். குளிர்காலத்தில் ஒன்பதரை மணி நேரம், கோடையில் எட்டரை மணி நேரம் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். காலை ஏழு மணிக்கு நீங்கள் காபி போடும்போது கூப்பிட்டுப் பாருங்கள். அவளுக்கு இரவு ஒன்பதரை, வேலை விட்டு பஸ்ஸுக்கு நிற்பாள், பேச்சுத் துணை வேண்டியிருக்கும். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டால் "ம்" என்றுதான் வரும். பஸ் வந்துவிட்டதா, கூட யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.

படிப்பு முடிகிறது. நாலு பேர் சேர்ந்து கார் எடுத்து கேபட் டிரெயில் போகிறோம். யோசனை சொல்லுங்கள் அக்கா.
– மாணவர்கள், சிட்னி

அப்பாடா, ஒரு வழியாக. அக்டோபர் முதல் இரண்டு வாரம் போனால் இலைகளின் நிறம் உச்சத்தில் இருக்கும். மாதக் கடைசியில் போனால் சாப்பாட்டுக் கடைகள் பாதிக்கு மேல் மூடியிருக்கும், கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். 25 வயதுக்குக் கீழே இருக்கிறவர் ஓட்டினால் வாடகைக் கார் கம்பெனிகள் கூடுதல் கட்டணம் போடுவது வழக்கம், வயதில் மூத்தவரை ஓட்டச் சொல்லுங்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது என்று ஊரில் சண்டையே நடக்கும். மேற்குக் கரையில் இருக்கிற ஷெட்டிகாம்ப் பக்கம் முதலில் போய், கிழக்குக் கரையின் இங்கோனிஷ் வழியாகத் திரும்பினால் மலையை ஒட்டிய ஓரத்தில் வண்டி போகும், புதிதாக ஓட்டுகிறவருக்கு நிம்மதி. எதிர்த்திசையில் வந்தால் கடலை ஒட்டிய ஓரம். காட்சி பிரமாதம், ஓட்டுகிறவருக்குக் கை வியர்க்கும். நீங்கள் நாலு பேரும் ஒரு பனிக்காலம் ஓட்டிப் பழகியவர்கள் இல்லை, முதல் வழியிலேயே போங்கள்.

ஸ்கைலைன் நடைபாதையில் ஏறுங்கள், மலை முனையிலிருந்து கடல் அப்படியே கீழே விரியும். ஆனால் தனித்தனியாகப் பிரிய வேண்டாம். 2009-ல் அந்தப் பாதையில் தனியாக நடந்த இளம் பாடகி ஒருவரைக் கயோட்டிகள் என்ற, ஓநாய் மாதிரியான காட்டு விலங்குகள் தாக்கிக் கொன்றன. அப்படி நடப்பது மிக அபூர்வம், இருந்தாலும் கூட்டமாகப் போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பாதை ஓரத்தில் மூஸ் என்ற ராட்சத மான் நின்றால் செல்ஃபிக்குக் கிட்டே போகாதீர்கள். அது மாடு இல்லை.

திரும்பும்போது பெடெக் என்ற ஊரில் கிரகாம் பெல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1909-ல் அந்த ஊர் விரிகுடாவின் உறைந்த பனி மீதிருந்துதான் கனடாவின் முதல் விமானம் எழும்பியது. நேரமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள், அந்தி சாய்வதற்குள் நெடுஞ்சாலையைப் பிடிப்பதுதான் முக்கியம். இருட்டில்தான் மூஸ் சாலையைக் கடக்கும், மோதினால் காரும் மிஞ்சாது. மலைப்பகுதியில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். மலை ஏறுவதற்கு முன்பே டேங்க்கை நிரப்புங்கள். பெட்ரோல் காசை நாலாகப் பிரியுங்கள்; பின்சீட்டில் ஒருவன் போக வரத் தூங்கிக்கொண்டே வருவான், அவனிடம் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.